கையை அழிக்காத பிரேம் கடை, வேதாரண்யம்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் பிடுங்கிப் போன பலகையை பாய் திரும்ப மாட்டவே இல்லை. வேதாரண்யத்தில் இறங்கி ‘பிரேம் கடை பாய்’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் விடுவார். உள்ளே சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்ட பெரியவர்கள் படம் என்று சுவரே தெரியாது. கண்ணாடி வெட்டிச் சட்டம் அடிப்பது அவர் தொழிலில் பாதி. கெட்டுப்போன பழைய போட்டோவைச் சரிசெய்து தருவது மறுபாதி. நான் போனது அந்த இரண்டாவது வேலைக்கு.

நான் திருத்துறைப்பூண்டியில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். யாரிடம் வேலை கொடுத்தாலும் பொருளை வாங்குகிற கையைத்தான் முதலில் பார்ப்பேன். துணி கைக்கு வந்ததும் கத்தரியைத் தேடுகிற ஆளிடம் என் ரவிக்கையைக் கொடுக்க மாட்டேன். பாய் என் படத்தை வாங்கி, கால் மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினார், சாய்த்தார், பின்பக்கத்து ஆணிகளை எண்ணினார். அப்புறம்தான் “யாரும்மா இவங்க?” என்று கேட்டார்.

எங்கள் அப்பாயி. அப்பாவைப் பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வயது இருபதுகூட இருக்காது. பஃப் கை வைத்த ரவிக்கை, கை விளிம்பில் லேஸ். இடது மூக்கில் மூக்குத்தி. படத்தின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டின ஓரத்தில், அப்பாயியின் தோளுக்குப் பின்னால், நாற்காலி முதுகின் மேல் ஓர் ஆண் கை மட்டும் மிச்சம். கையும் அரை முழம் சட்டைக்கையும். ஆள் கிடையாது.

சின்ன வயதில் கேட்டபோது, அது அப்பாயியின் அண்ணன் கை, வாந்திபேதியில் போய்விட்டார், அதனால் வெட்டிவிட்டோம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்து வீடுகளில் செத்தவர்களைத்தான் முதலில் சுவரில் மாட்டுவோம், வெட்டி எறிய மாட்டோம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாயி 2003இல் காலமானார். படம் கிராமத்து வீட்டில் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கஜாவில் ஓடு பறந்து, அந்த அறையில் மூன்று நாள் தண்ணீர் ஒழுகியது. தென்னை விழுந்த துக்கத்தில் இருந்தவர்களுக்குச் சுவரைப் பார்க்க நேரமில்லை. நான் போய் எடுத்தபோது கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்திருந்தது. கீழ்ப்பாதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடியே படமாகிவிட்டது போல இருந்தது. கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சாய்த்துப் பார்த்தால் நீலமும் வெள்ளியுமாக மினுங்கியது.

பல வருஷம் அப்படியே பீரோவில் கிடந்தது. போன வருஷம் பெரியத்தைக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் அவசரம் வந்தது. அப்பாயியின் மூத்த பிள்ளை அவர். 1949இல் பிறந்தவர், அம்மா முகத்தைத் தெளிவாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

முதலில் பக்கத்து ஊரில் பளபளப்பான ஒரு கடைக்குப் போனேன். கைபேசியில் படமெடுத்து ஒரு செயலிக்குள் போட்டார்கள். இருபது நிமிஷம், ஐநூறு ரூபாய். வந்த படத்தில் ஓர் அழகான பெண் இருந்தாள். மூக்குத்தி வலது பக்கம் போயிருந்தது. வாழ்நாளெல்லாம் வாயை மூடிச் சிரித்த அப்பாயிக்குப் பல்வரிசை தெரிந்தது. ரவிக்கையின் லேஸைக் கம்ப்யூட்டர் பூவேலையாக மாற்றியிருந்தது. நாற்காலி முதுகில் கை இல்லை, அந்த இடத்தில் திரைச்சீலை தொங்கியது. “தேவையில்லாத கை ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டோம்” என்றார் அந்தப் பையன், உதவி செய்த சந்தோஷத்தோடு. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பெரியத்தையிடம் காட்ட முடியாது என்று மட்டும் தெரிந்தது. இது யார் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

பாயிடம் வந்தது அப்படித்தான். அறுபது தாண்டியவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, சிலோனில் ஒரு ஸ்டுடியோவில் கைவேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவராம். தூரிகை முனையில் ஒரே ஒரு மயிரை விட்டுப் புள்ளி வைத்து நெகட்டிவ் திருத்துகிற காலத்து ஆள். பாய்க்குத் தொழில் அப்படி வந்தது. இப்போது தூரிகைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பேனா.

வேலையைத் தொடங்குவதற்கு முன் எனக்கு விளக்கினார். கறுப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளித்தூள். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறி உப்பும், உப்பினது கண்ணாடியைத் தொட்டால் காயும்போது பசையாகிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளியும் மெல்ல மேலே வரும், அந்த மினுமினுப்பு அதுதான். “இதப் பிய்ச்சா முகம் கண்ணாடியோட வரும். தண்ணியில ஊறவச்சு எடுக்கலாம்னு சிலர் செய்யறாங்க. இது அட்டையில ஒட்டின படம், எனக்கு அந்தத் தைரியம் இல்ல. கண்ணாடியோடயே வச்சுப் பார்ப்போம்” என்றார். தனக்குத் தைரியமில்லாத வேலை எது என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தொழில்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்தார், இஞ்சுக்கு 1200 புள்ளி (டிபிஐ) கணக்கில். மினுங்குகிற இடம் வெளுத்து விழுந்ததால் இரண்டு பக்கமும் விளக்கைச் சாய்த்து வைத்துக் கேமராவிலும் எடுத்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, எதில் எந்த இடம் நன்றாக வந்ததோ அதை எடுத்துக்கொண்டார். பூஞ்சைப் புள்ளியை மூடினார், கீறலை மூடினார். முகத்தில் கைவைக்கவில்லை. இடது கன்னத்தில் கொஞ்சம் அரித்துப் போயிருந்தது, அதையும் அப்படியே விட்டார். “அங்க என்ன இருந்துச்சுன்னு படத்துல இல்லம்மா. நான் போட்டா அது என் கற்பனை. உங்க அத்தைக்கு அம்மாவக் காட்டணுமா, என் கைவேலையக் காட்டணுமா?” என்று கேட்டார்.

நான் ஒன்று கேட்டேன். ஓரம் கோணலாக இருக்கிறதே, நேராக வெட்டிவிடலாமா என்று. பெரும்பாலான கடைகளில் கேட்காமலே செய்துவிடுவார்கள். பாய் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையில் அந்த ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

கத்தரி என் தொழில். துணியானாலும் அட்டையானாலும் கத்தரி போன தடத்தைப் பார்த்தால் வெட்டின கையின் மனசு தெரியும். மேலிருந்து தோள் உயரம் வரை ஒரே இழுப்பில் போயிருக்கிறது, நடுக்கமில்லை. அங்கே நிற்கிறது. பிறகு சின்னச் சின்னக் கொத்தாக, அரை இஞ்சுக்கும் குறைவான வாய் திறந்து, வெளிப்பக்கமாக வளைகிறது. ரவிக்கையின் கழுத்து வளைவை நாங்கள் அப்படித்தான் வெட்டுவோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வளைந்து, அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு, விரல் ஒன்றையும் தொடாமல், மறுபடி உள்ளே வந்து நேராக இறங்குகிறது.

கை தப்பித் தவறி மிஞ்சவில்லை. வெட்டினவர் அதை வைத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் பார்த்த படம். அந்த வளைவு சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் என் கண்ணில் படவே இல்லை.

சட்டத்தைப் பற்றியும் பாய் சொன்னார். கடைச் சட்டம் இல்லையாம். பூவரச மரம், கையால் இழைத்தது, மூலை இணைப்பு தச்சன் போட்டதல்ல, வீட்டு மனிதர் போட்டது. படம் வெட்டப்பட்ட பக்கம் காலியாக இருக்குமல்லவா, அங்கே அட்டைத்துண்டு ஒன்றைக் கையின் வளைவுக்கு ஏற்றபடி குடைந்து, கை மடங்கிவிடாமல் தாங்கும்படி வைத்திருந்தார்கள். “படத்த வெட்டினவங்க வேற, சட்டம் அடிச்சவரு வேற. ரெண்டு பேருமே இந்தக் கையப் பத்திரமா வச்சிருக்காங்க” என்றார். புதுச் சட்டம் விற்றால் அவருக்கு எழுநூறு எண்ணூறு ரூபாய் லாபம். பழையதையே துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் உளி எடுக்கத் தெரிந்தவர் தாத்தா ஒருவர்தான். அதைப் பாயிடம் நான் சொல்லவில்லை.

கடைசியாக அட்டையின் பின்பக்கம். கீழ் மூலையில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. முன்பக்கம் கண்ணாடியில் ஒட்டிய பகுதி, ஒன்றும் தெரியாது. பாய் ஒரு மெல்லிய தாளைக் குழிகள் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். பிள்ளைகள் காசை வைத்துத் தேய்ப்பார்களே, அதேதான். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்டுடியோவின் அழுத்து முத்திரை. பெயரின் முதல் பாதி வெட்டுப்பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஆங்கில எழுத்துகள் சொன்ன ஊர் யாழ்ப்பாணம்.

எங்கள் குடும்பத்தில் யாரும் கடல் தாண்டிப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெரியத்தையிடம் படத்தைக் கொண்டுபோனபோது முத்திரையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளும் முன்பே அவர் கேட்டார்: “கை இருக்குல்ல? அழிச்சிடலயே?”

இருக்கு அத்தை என்றேன். வாங்கிப் பார்த்தார். அம்மா முகத்தை முதலில் பார்க்கவில்லை.

“அது மாமா கையின்னு சொல்லியிருப்பாங்க உன்கிட்ட. அது எங்கப்பா கை பாப்பா.”

பெரியத்தையின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அப்பாயி அவரிடம் சொன்னாராம். ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தார். என் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அத்தை சொன்னதை அவர் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கோடியக்கரையிலிருந்து வள்ளம் ஏறி அக்கரைக்குப் போய்வருவது அந்தக் காலத்தில் அடுத்த தாலுகாவுக்குப் போகிற மாதிரிதானாம். இலங்கையின் நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வேலை செய்ய வந்த ஒருவரை அப்பாயிக்குப் பிடித்துப்போனது. பெரியவர்கள் சண்டை போட்டுப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். 1947இல் கல்யாணம், தீவில் குடித்தனம். யாழ்ப்பாணத்துக்குப் போய் எடுத்துக்கொண்டது அந்தப் படம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தார், 1949இல் பெரியத்தை பிறந்தார். இலங்கையில் 1948இலேயே குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்திருந்தன. 1949 கடைசியில் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கடலுக்கு நடுவே கோடு விழுந்துவிட்டது. நேற்றுவரை வள்ளம் ஏறினவர்கள் இன்று சீட்டு இல்லாமல் போனால் கள்ளத்தோணி. என் பூட்டனார், அப்பாயியின் அப்பா, மகளை அனுப்ப மறுத்தார். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் கடற்கரையில் பெரிய புயல் அடித்தது. அந்தப் புயலில் வள்ளத்தோடு அந்த நெடுந்தீவுக்காரர் போய்விட்டார் என்று வீட்டில் சொன்னார்கள். 1954இல் சின்னப் பிள்ளையோடு இருந்த அப்பாயியைத் தாத்தா கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பெரியத்தைக்குத் தகப்பன் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். படத்தைத் தீயில் போடு என்று பூட்டனார் சொன்னபோது அப்பாயி வெட்டினது அந்த வளைவு. அதற்குச் சட்டம் அடித்துக் கொடுத்தது தாத்தா.

“அவரு ஒரு வார்த்தை கேட்டதில்லடி எங்கம்மாவ. பூவரசங்கட்டைய ரெண்டு நாளா இழைச்சாரு. நான் பக்கத்துல உக்காந்து சீவலப் பொறுக்கினேன்” என்றார் அத்தை.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அவர் மகன், என் அத்தான், நான், இரண்டு பேரும் போவது என்று முடிவானது. பாயிடம் போய் கைபேசியில் போட்டுக்கொடுங்கள் பாய், அங்கே காட்டிக் கேட்கிறோம் என்றேன். வேண்டாம் என்றார். “வயசானவங்ககிட்ட காட்டப்போறீங்க. வெயில்ல போன்ல ஒண்ணும் தெரியாது. கையில குடுங்க, பிடிச்சுப் பார்க்கட்டும்.” தபால் அட்டை அளவில் ஆறு பிரதி போட்டார், பளபளப்பில்லாத காகிதத்தில். பின்னால் பேனாவால் எழுதாதே, பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும், மெல்லிய பென்சிலால் எழுது என்றார். கையில் கொடுக்கச் சொன்ன அந்த அறிவுரை எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் நாலு மணி நேரம். யாழ்ப்பாணத்தில் ஒரு ராத்திரி. காலையில் பஸ் பிடித்து வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போகிற ரோட்டில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். 1985 மே 15இல் குமுதினிப் படகில் ஏறின மக்களை வெட்டிக் கொன்றது இதே கடல்வழியில்தான் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். அதற்குப் பிறகு கரை வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

நெடுந்தீவில் இறங்கியதும் எனக்குக் கண்ணில் பட்டது வேலிகள். பவளப்பாறைக் கல்லை மண்ணோ சாந்தோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மார்பளவுக்குச் சுவர். பனை. வெட்டவெளியில் தானாக மேய்கிற மட்டக்குதிரைகள். கிளை பருத்த ஒரு பெருக்கமரம். அப்பாயி எங்களுக்குத் தூங்கும்போது சொன்ன கதைகளில் ராஜா வீட்டுக் கோட்டை எப்போதும் கல்லை அடுக்கினதாகவும், சொந்தக்காரன் இல்லாத குதிரைகள் வெளியே நிற்பதாகவும் இருக்கும். எங்கள் ஊரில் குதிரை ஏது? அவர் கதை கட்டினார் என்று நினைத்திருந்தேன். அத்தான் ஒரு சுவரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

கிராம சேவகர் அலுவலகத்தில் நல்ல மனசோடு விசாரித்துச் சொன்னார்கள். ஒன்றரை நாளில் ஒரு வீடு கிடைத்தது. தொண்ணூறை நெருங்குகிற ஒரு அம்மா, அந்த நெடுந்தீவுக்காரருடைய கடைசித் தங்கை. பெயர்களை இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம்.

“அக்கரையில இருந்தோ வந்தனீங்கள்?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, படத்தை அவர் மடியில் வைத்தேன். முற்றத்தில் நல்ல வெயில். படத்தை எடுத்து மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்தார். அப்பாயியின் முகத்தைப் பார்த்து, “மச்சாள்” என்றார். பிறகு அவர் விரல் ஓரத்துக்குப் போனது.

“உது அண்ணையின்ர கை. சின்ன விரலைப் பாருங்கோ.”

நாற்காலி முதுகில் நாலு விரலும் நேராக இருக்க, சுண்டுவிரல் மட்டும் முதல் மடிப்பில் உள்ளே வளைந்திருக்கிறது. நான் எத்தனையோ தடவை பார்த்தும் பிடியில் அப்படி மடங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பதினைந்து வயதில் நங்கூரக் கயிறு இழுத்து வளைந்த விரலாம், பிறகு நிமிரவே இல்லையாம்.

“இடம்பெயர்ந்து ஓடேக்க படமெல்லாம் போயிட்டுது பிள்ளை. அண்ணையின்ர முகம் ஒண்டும் எங்களிட்ட இல்லை.”

அந்த அண்ணன் 1952 புயலில் சாகவில்லை. அதற்கு முன்பே இரண்டு தடவை கோடியக்கரை வந்து மனைவியைக் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறார். “வாசலில வச்சே திருப்பி அனுப்பிப் போட்டினம். பொம்பிளைப் பிள்ளை எண்டு மட்டும் அறிஞ்சுகொண்டு வந்தவர்.” பிறகு தீவிலேயே இன்னொரு கல்யாணம், இரண்டு பையன்கள், இருவரும் இப்போது கனடாவில். அவர் 1978இல் காலமாகியிருக்கிறார். அந்த வருஷம் பெரியத்தைக்கு இருபத்தொன்பது வயது, அத்தானுக்கு நாலு.

என் பூட்டனார் பொய் சொன்னார். அப்பாயிக்கு அது பொய் என்று எப்போதாவது தெரிந்ததா என்பதை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். புயலைக் காட்டி ஒரு மனிதனைச் சாகடித்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

எங்களிடம் இருந்த ஆறு பிரதிகளில் நாலை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “கையை மட்டும் பெரிசாப் போட்டுத் தர ஏலுமோ? அண்ணையின்ர கை இருந்த அளவுக்கு?”

இனி கடைக்குத் திரும்புகிறேன், போகிறவர்களுக்குத் தெரியவேண்டியது இருக்கிறது.

பாய் சொன்ன நாளில் தரமாட்டார். பத்து நாள் என்றார், இருபத்தாறு நாள் ஆனது. நான் திருத்துறைப்பூண்டியிலிருந்து மூன்று தடவை வீணாகப் போய்வந்தேன். போன் எடுப்பது அவர் மகன், அவர் இல்லாவிட்டால் பதில் வராது. வெள்ளிக்கிழமை மதியம் பூட்டிவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார். முதல் பிரதி கொஞ்சம் கறுத்து விழுந்தது, அப்பாயியின் சேலைக் கரை தெரியவில்லை. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மறுபடி போட்டுத் தந்தார். ஸ்கேன், திருத்தம், பெரிய பிரதி ஒன்று எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். தபால் அட்டை அளவுப் பிரதிகள் தலா 40. கண்ணாடிக்கும் புதுப் பிரதிக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட்டுத்தான் மாட்டித் தருகிறார். இனி எத்தனை புயல் வந்தாலும் படம் கண்ணாடியைத் தொடாது. உங்கள் வீட்டிலும் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து கத்தி விட்டுக் கிளப்பாதீர்கள். அப்படியே துணியில் சுற்றி, படுக்கை வசமாக வைத்துக் கொண்டுபோங்கள்.

கல்யாண ஆல்பத்துக்கோ பிறந்தநாள் பேனருக்கோ அவரிடம் போக வேண்டாம். அதற்கு வேகமான கடைகள் இருக்கின்றன. நரைத்த தாத்தாவுக்கு முடி கறுப்பாக்கித் தரச் சொன்னாலும் செய்வார், ஆனால் அசல் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார், நீங்கள் கேட்காவிட்டாலும். எனக்கு முன்னால் நின்றவருக்கு அப்படித்தான் கொடுத்தார். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மா கேட்டதைச் சொன்னேன். பாய் உடனே சரி என்று சொல்லவில்லை. படத்தில் அந்தக் கை ஒரு சென்டிமீட்டர். ஆள் கையளவுக்குப் பெரிதாக்கினால் பதினெட்டு மடங்கு. ஸ்கேனரை எவ்வளவு கூட்டினாலும் காகிதத்தின் மணிதான் பெரிதாகும், புதிதாக எதுவும் உள்ளே இருந்து வராது என்றார். “செயலியில போட்டா நகம், ரேகை எல்லாம் வரும். அது யாரு ரேகையோ. நான் போட்டா புள்ளி புள்ளியாத்தான் வரும். அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.” அங்கே பக்கத்து வீட்டுப் பையன் மூலம் வாட்ஸாப்பில் கேட்டோம். புள்ளியாகவே போடச் சொன்னார்.

அளவுக்குத் தன் கையையே மேஜைமேல் விரித்து வைத்து, மகனை விட்டு டேப்பால் அளக்கச் சொன்னார் பாய். போன வியாழக்கிழமை வாங்கிவந்தோம். கிட்டே வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளிகள், வேறொன்றும் தெரியாது. பெரியத்தை அதை எதிர்ச்சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி, கட்டிலில் இருந்தபடி பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் நாலு விரல் நேராகவும் ஒரு விரல் வளைந்தும் தெரிகிறது. இரண்டு பிரதி போட்டிருக்கிறோம். ஒன்று அத்தை அறையில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று அத்தானோடு அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறது, சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவே.